சித்திரையில் ஏறிய கிணறு

சேசு மரி சூசை துணை

கீழப்புதூர்,
3.6.1995, சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு, சகாயம்மாள் எழுதுவது.

நானும் லின்சியும் சுகம். மஸ்கட்டில் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். பங்களாத் தோட்டத்தில் மத்தியான வேளையில் நிற்காதீர்கள், முதலாளி சொன்னாலும் சரி. லின்சி நாலாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். போன வருஷப் பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது.

நம் வீட்டுத் தோட்டத்தை மாற்றி அமைக்க நீங்கள் வரைந்து அனுப்பிய படம் சாம்பல் புதனன்று வந்தது அல்லவா, அதன்படியே எல்லாம் செய்தேன். நம் வேலைக்கு வரும் கண்ணுசாமி கயிறு பிடிக்க, நான் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கேட்டிலிருந்து வாசற்படி வரை செங்கல் பாதை, இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ், இடப்பக்கம் ரோஜா, காய்கறி போட்ட இடத்தில் புல்தரை. வாழையைத் தோண்டி எடுக்க மனசு வரவில்லை, ஆனாலும் எடுத்தேன். கிணற்றடியில் ஒரு கத்தரிப் பாத்தியை மட்டும் உங்களைக் கேட்காமல் விட்டு வைத்தேன். படத்தில் பின்பக்கம் ஆறடி மதில் போட்டிருந்தீர்கள், அதில் கதவே இல்லை. வயலுக்கு எப்படிப் போவது என்று கேட்டு எழுதினேன். அப்படி இருந்தால்தான் அழகு என்று பதில் போட்டீர்கள்.

ரோஜா இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு இலை ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகியது. எரு அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்து குரோட்டன்ஸ். கடைசியில் கத்தரி பூவோடு சாய்ந்தது. அதே சமயம் கிணற்றில் தண்ணீர் ஏறியது. சித்திரையில் அடி மணல் தெரியும் உறைக்கிணறு, ஒரு பொட்டு மழை இல்லாமல் மூன்று உறை ஏறியிருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான். கண்ணுசாமிதான் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். "அம்மா, இது கடலும்மா. செடிக்கு ஊத்தாதீங்க, புள்ளைக்கும் குடுக்காதீங்க" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இறால் குட்டை வெட்டியிருக்கிறார்கள். கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துத் தேக்குகிறார்கள். இப்போது குடிதண்ணீருக்கு மாதா கோயில் பைப்புக்குப் போய் வருகிறேன். லின்சிக்குக் காலெல்லாம் சொறி. சாயந்தரத்தில் தவளைச் சத்தம்கூட இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பொக்லைன் வாய்க்காலைத் தாண்டி நம் மூன்று மா வயலுக்குள் இறங்கியது. நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். சூப்பர்வைசர் ஒரு பத்திரத்தைக் காட்டினார். இறால் வளர்க்க மூன்று வருஷக் குத்தகை. அடியில் உங்கள் கையெழுத்து, தை மாதத் தேதி. படம் வருவதற்கு முந்தின மாதம்.

பத்திரத்தை உங்களுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கியது உங்கள் தம்பி எல்வின்தான். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "தோட்டம் போட்டுக் குடுத்தா அண்ணி வயலப் பத்திக் கேக்க மாட்டாங்கன்னு அண்ணன்தான் சொன்னாங்க" என்றது. மதிலில் கதவு ஏன் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அது மெய்யா என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. ஊருக்கே தண்ணீர் இப்படியாகும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

மெஷின் இறங்கிய அன்றைக்கு நடவு வேலைக்கு வரும் எல்லையம்மாளும் இன்னும் பத்துப் பெண்களும் என்னோடு வரப்பில் உட்கார்ந்தார்கள். குட்டை வந்தால் அவர்களுக்கு நடவு ஏது? மெஷின் திரும்பிப் போனது. திங்கட்கிழமை போலீசோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நேற்று வாசலில் இரண்டு பேர் பைக்கை நிறுத்தி, லின்சி எந்தப் பள்ளிக்கூடம் என்று அவளிடமே விசாரித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை நான் வரப்பில்தான் இருப்பேன். வேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும், அது வந்து சேரப் பத்து நாள் ஆகும்.

லின்சியை நாளைக்கு அருள்ஜோதி அக்கா வீட்டில் விடுகிறேன். அவர்கள் ஃபோன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. இது கிடைத்த அடுத்த வாரம் என் கடிதம் வராவிட்டால் அங்கே கூப்பிடுங்கள். என்னைத் திட்டுவதை எனக்கே வைத்திருங்கள். பிள்ளை ஃபோனை எடுத்தால் மட்டும் கொஞ்சம் சிரித்துப் பேசுங்கள். மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
சகாயம்மாள்