பள்ளிக்கூடச் சுவரும் சிந்துவின் பாடமும்

சரோஜினி நகர், புது தில்லி

அன்பு மகன் ப்ரசன்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாய் இருக்கிறோம், சூரத்கல் மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்குப் பாதி நாள் போகும், பரவாயில்லை, மெதுவாகப் படி. இது ஃபோனில் சொல்ல முடியாத விஷயம், இந்தச் சின்னக் குவார்ட்டர்ஸில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் தங்கை காதில் விழும்.

சிந்துவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பெயின்டிங் பாடம் கிடைக்கவில்லை. மே மாத லீவில் யாரோ அதிகாரிகள் வருகிறார்கள் என்று அவளைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூட வாசல் சுவர் முழுக்க மயிலும் குதுப்மினாரும் வரையச் சொன்னார்கள், அந்த வெயிலில் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு தினமும் போய் வந்தாள். அதுதான் பெயின்டிங் பாடத்துக்கு ஆள் எடுக்கிற பரீட்சை என்று நானும் அவளும் நினைத்துக்கொண்டோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நாங்களாகவே நினைத்தது. வந்தவர்கள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பிரின்சிபால் அவள் தோளில் கை வைத்து எங்கள் ஆர்ட் ஸ்டூடண்ட் என்று காட்டினார். அட்மிஷனுக்குப் போனால் டிராயிங் சார் ரிட்டயர் ஆகிவிட்டார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, ஹோம் சயின்ஸ் எடுத்துக்கோ பேட்டா, அதிலும் டிசைன் வருமே என்றார்கள். வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டாள். என் ஆபீசர் மகன் படிக்கிற பள்ளியில் களிமண்ணுக்கு ஓர் அறை, டான்ஸுக்கு ஓர் அறையாம். நம் பிள்ளைகளுக்கு வாசல் சுவர், அதுவும் யாராவது பார்க்க வந்தால். அப்பாவோ, படம் வரைஞ்சா எவன் வேலை குடுக்குறான், பாங்க் பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

போன வாரம் ஆகஸ்ட் பதினைந்து விழாவுக்காக ஹோம் சயின்ஸ் டீச்சர் சுஷ்மா மேடம் வகுப்புக்குள் வந்து, சிந்து ஜல்தி வா, ரங்கோலி போடணும், நீதானே நம்ம ஆர்ட்டிஸ்ட் என்றாராம். இவள் எழுந்து நின்று, நான் ஹோம் சயின்ஸ் ஸ்டூடண்ட் மேடம், ஆர்ட்டிஸ்ட் வேணும்னா ரிட்டயர் ஆன சாரைக் கூப்பிடுங்க என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். நம் வீட்டில் முதல் டிகிரி என்னுடையதுதான், இருந்தும் ஒரு டீச்சர் முன்னால் நின்றால் எனக்கு இன்னும் வாய் எழாது, உனக்கே தெரியும். உங்க பொண்ணுக்குத் திமிர் ஏறிடுச்சு, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டு ரங்கோலி போடட்டும் என்றார் மேடம். அவ சொன்னதுல என்ன தப்பு மேடம் என்று கேட்டுவிட்டேன். மேடம் கோபப்படக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே, அச்சா, பிராக்டிகல் மார்க் போடுறது நான்தான், வீட்டுல போய் யோசிங்க என்றார்.

சிந்துவை மன்னிப்புக் கேட்க விடக்கூடாது என்றுதான் பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். ஆனால் மறுநாள் என்னிடம் சொல்லாமலே போய் மன்னிப்பும் கேட்டு ரங்கோலியும் போட்டுவிட்டு வந்தாள். ஏன் கண்ணு என்றேன். மார்க் வேணும்மா, பெயின்டிங்தான் இல்லைன்னு ஆயிடுச்சு, இதாவது ஒழுங்கா இருக்கட்டும் என்றாள். முன்பெல்லாம் விரலில் கலரோடு அப்படியே சாப்பிட உட்காருவாள், நான் கத்துவேன். அன்றைக்கு நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்துதான் தட்டில் கை வைத்தாள்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதே. உன் படிப்பு நல்லபடி முடிந்து நீ நிமிர்ந்து நிற்க அம்மாவின் ஆசி என்றும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. அந்த ரங்கோலி போட்டோ பள்ளிக்கூட குரூப்பில் வந்தது, அப்பா பெருமையாக உனக்கும் அனுப்பியிருப்பார். சிந்துவிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
கனிமொழி