கடம்பூரில் காத்திருந்த வண்டி

எப்போதும் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் என் ஜோதிக்கு,

நாம் இரண்டு பேரும் திட்டம் போட்ட கச்சேரி போன ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. நம் கோவில்பட்டியிலேயே, உன் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தில். முடிந்த கையோடு போனை எடுத்து உன் பெயரைத் தேடினேன். தேடி எடுத்த பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. ஜன்னல் சீட் இப்போது எனக்கே எனக்கு. சண்டை போட ஆள் இல்லாமல் கிடைக்கும் சீட்டில் என்ன சுகம் இருக்கிறது, நீயே சொல். கரிசல் முழுக்க இந்த வருடம் மக்காச்சோளம்தான். எங்கள் அப்பாவும் உளுந்தை விட்டுவிட்டு அதற்கு மாறிவிட்டார். உன் அப்பாவின் கடலைமிட்டாய்க் கடையில் வழக்கம்போலக் கூட்டம், ஆனால் பாட்டு போடுவதில்லை. இன்னொன்று கேள், நம் வண்டி இப்போதெல்லாம் கடம்பூரில் கிராசிங்குக்கு நிற்பதே இல்லை! இரட்டைப் பாதை போட்டுவிட்டார்கள். எதிர் வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் சடாரென்று போய்விடுகிறது. ஊரே சந்தோஷப்படுகிறது. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்டேஷனை எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

திருநெல்வேலிக் கல்லூரிக்குப் போய்வந்த முதல் வருடத்தில் நம் பாதிப் பொழுது அந்த ஸ்டேஷனில்தானே கழிந்தது? எதிர் வண்டி தாண்டிப் போகும்வரை நம் வண்டி ஓரத் தண்டவாளத்தில் கிடக்கும். மற்றவர்கள் வாட்சைப் பார்த்து ரயில்வேயைத் திட்டுவார்கள். நீ மட்டும் வயலின் பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாய்.

இசை முதுகலையின் கடைசி வருடத்தில் சொந்தமாக ஒரு படைப்பு செய்து மேடையேற்ற வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். எதைப் பாடுவது, எங்கே பாடுவது, யார் உடன் வாசிப்பது, எல்லாம் நம் பொறுப்பு. இரண்டு பேர் சேர்ந்தும் செய்யலாம். வகுப்பில் ஆளாளுக்குப் பெரிய பெரிய தலைப்பாக யோசித்துக்கொண்டிருந்தபோது, நின்றுகொண்டிருந்த வண்டியில் வைத்து நீ சொன்னாய்.

“ஏட்டி செல்வி, நாம இந்தக் கிராசிங்கையே பாட்டாக்கிருவோம். கீரவாணி ராகத்துல வச்சுக்கிடுவோம். நீ கீழ இருந்து ஏறி வா. நடுவுல பஞ்சமத்துல வந்து நில்லு. நான் மேல் ஷட்ஜத்துல இருந்து இறங்கி வாரேன். நான் ஒன்னைத் தாண்டிக் கீழ போன பெறகு நீ கிளம்பி மேல போ.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?”

“காத்துக் கெட. அதான் பாட்டே.”

அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்! என் பகுதியை நான் ஸ்வரம் போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். உன் பகுதியை நீ எழுதவே விடவில்லை. எழுதினால் அது டைம்டேபிள் ஆகிவிடும் என்றாய். தினமும் ரயிலில் முனங்கி முனங்கி அதை என் காதில் ஏற்றியதோடு சரி. ஒரு ரெக்கார்டிங்கூட நாம் எடுக்கவில்லை. எடுக்க நாள் இருக்கிறது என்றுதானே நினைத்தோம்?

பிறகு அந்தக் காய்ச்சல். ‘திங்கக்கெழம வாரேன், எனக்கு சீட்டு போட்டு வை’ என்று உன் குரலில் ஒரு மெசேஜ். அந்தத் திங்கட்கிழமை உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற இடம் இல்லாமல் நான் தெருவில் நின்றேன்.

நம் கல்லூரி மேடம் நல்லவர்தான். கொஞ்ச நாள் விட்டு, “வேற வயலின் வச்சுக்கோம்மா, ஜோதியோட பகுதியை எழுதிக் குடு” என்றார். கழுகுமலையிலிருந்து வருகிற ஜூனியர் தேவி, அவளாகவே வந்து கேட்டாள். “அக்கா, நீங்க சொல்லித் தந்தியன்னா நான் வாசிக்கேன்க்கா.” நல்ல கை அவளுக்கு. உனக்கே அவளைப் பிடிக்கும். ஆனாலும் அது சொல்லித் தருகிற மாதிரியான விஷயம் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டேன். உன் வில் போன வழியில் இன்னொருத்தி வில்லா? எனக்குப் பொறுக்கவில்லை. இந்த உலகத்தில் அந்தப் பாட்டு என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். உன் இடம் காலியாகவே இருக்கும். நான் பஞ்சமத்தில் வந்து நிற்பேன். உன் பகுதி முழுவதற்கும் சுருதிப்பெட்டி மட்டும் ஒலிக்கும், நான் கையால் தாளம் போடுவேன். அப்புறம் கிளம்பி மேலே போவேன். மௌனத்துக்கு என்ன காரணம் என்று மேடம் கேட்டதற்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். படித்தால் நீ கொட்டாவி விட்டிருப்பாய்.

மண்டபம் பிடித்தது, நோட்டீஸ் அடித்தது, ஜமுக்காளம் கேட்டது எல்லாம் நான்தான். வேலை ஒன்றும் மலை இல்லை. ஆனால் ஒரு சங்கதியைப் பாடிவிட்டு “இது சரியா இருக்கா?” என்று இடப்பக்கம் திரும்புவேன். அங்கே என் தண்ணீர் பாட்டில் இருக்கும். அந்த மாதங்களில் நான் யாரிடமும் வாய்விட்டுப் பேசவில்லை ஜோதி. பாடினேன், சாப்பிட்டேன், வண்டி ஏறினேன், இறங்கினேன். வீட்டில் இருந்தவர்கள் நான் சாதகம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கச்சேரி அன்று நல்ல கூட்டம். பரீட்சை வைக்க வந்த இரண்டு பேரும் முன்வரிசையில். பக்கத்திலேயே உன் அம்மாவும் அப்பாவும். கடைக்கு லீவு விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வலப்பக்கம் நம் வகுப்பு சங்கரன் மிருதங்கத்தோடு. முதல் உருப்படிகள் எல்லாம் நன்றாகவே போயின.

கடைசியில் நம் கிராசிங். மெதுவாக ஏறி வந்தேன். பஞ்சமத்தில் நின்றேன். சொல்லி வைத்தபடி சங்கரனும் கையை எடுத்துக்கொண்டான். சுருதி மட்டும் ஓடுகிறது, என் கை தொடையில் தாளம் போடுகிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது மைக்செட் அண்ணாச்சி குனிந்தபடியே மேடையில் ஏறினார்! நேராக உன் இடத்துக்கு வந்தார். அங்கே ஒரு மைக் நின்றுகொண்டிருந்தது. அதைத் தட்டினார், ஊதினார். “அலோ, அலோ” என்றார். வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“தாயி, வயலின் மைக்குல சத்தமே வரலையே. வயரு கியரு போச்சா?”

தாளத்தை விடாமல், “வயலின் இல்ல அண்ணாச்சி” என்றேன்.

“அப்பொறம் எதுக்குத் தாயி ரெண்டு மைக்கு வைக்கச் சொன்னிய?”

எல்லாம் மைக்கில் கேட்டுவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கை நின்றுபோனது. ஆமாம், எதற்கு இரண்டு கேட்டேன்? காலியாக இருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த நானேதான், ஆள் வரும் என்று மைக்கும் கேட்டிருக்கிறேன். எனக்கே தெரியாமல் வாய் கேட்டிருக்கிறது.

தாளம் போய்விட்டது. மேலே கிளம்ப வாயைத் திறந்தேன், வரவில்லை. எப்படி வரும்? நீ தாண்டிப் போகவில்லையே. நீ போகாமல் எனக்கு எப்படி சிக்னல் விழும்?

அண்ணாச்சி மேடையில் அப்படியே நிற்கிறார். வேறு வழி தெரியாமல் மேல் ஷட்ஜத்தைப் பிடித்தேன். அங்கிருந்து உன் பாட்டைப் பாடத் தொடங்கினேன். நிஷாதத்தில் ஒரு குலுக்கு குலுக்குவாயே, அது, அதற்கப்புறம் அந்த நீள இறக்கம், எல்லாம் அப்படியே வந்தது. அழுகையும் கூடவே வந்தது. குரல் ஓரிடத்தில் பிசிறியது. நிறுத்தவில்லை. பஞ்சமத்தைத் தாண்டினேன். கீழே, இன்னும் கீழே, உன் வண்டி கண்ணுக்கு மறையும்வரை போனேன். பிறகு என் இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து மேலே கிளம்பினேன். எங்கிருந்து என்று தெரியவில்லை, சங்கரன் சரியாக வந்து சேர்ந்துகொண்டான்.

பரீட்சை வைக்க வந்த பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? “அந்த மைக்செட்காரரை உள்ள கொண்டுவந்த உத்தி பிரமாதம்மா.” நான் தலையை மட்டும் ஆட்டினேன். நீ இருந்திருந்தால் உருண்டு உருண்டு சிரித்திருப்பாய். பாஸ் போட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு உன் அம்மா மேடை ஓரத்துக்கு வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அந்தக் கடைசிப் பாட்டு, மேல இருந்து எறங்கி வருமே, அது அவளுதுதான?”

“ஆமா அத்தை.”

“அடுப்படியில நின்னுக்கிட்டு எப்பப் பாத்தாலும் இதைத்தான் முனங்குவா. பொழுதனைக்கும் என்ன முனகல்னு வைவேன். அவ போனதுல இருந்து நானும் பாத்துட்டேன், ஒரு இழைகூட என் மனசுல வரமாட்டேங்குது. இனிமே கேக்கவே முடியாதுன்னு நெனச்சேன் தாயி.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். “இன்னொருக்கா பாடுதியா?”

காலியாகிக்கொண்டிருந்த மண்டபத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை பாடினேன். மைக் இல்லாமல், உன் அம்மாவுக்கு மட்டும். உன் அம்மா தேடிக்கொண்டிருந்ததை நான் பூட்டி வைத்துக் காவல் காத்திருக்கிறேன் ஜோதி.

தேவிக்கு நேற்று போன் பண்ணினேன். வருகிற வாரத்திலிருந்து அவளும் நம் வண்டியில்தான் வருகிறாள். கடம்பூரில் இனி நிற்காது என்பதால் ஓடுகிற வண்டியிலேயே சொல்லிக் கொடுக்கப் போகிறேன். ஜன்னல் சீட்டை மட்டும் தர மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி எங்கே பாடினாலும் இரண்டு மைக் கேட்பேன், இரண்டிலும் சத்தம் வரும். இடப்பக்கம் உட்காருகிறவள் நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ என்று பாவனை செய்யவும் மாட்டேன். நான் பஞ்சமத்தில் வந்து நிற்பேன். மேலிருந்து உன் பாட்டு இறங்கி வரும். நான் வழி விடுவேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
இனி ஞாயிறுதோறும் உன் அம்மாவைப் போய்ப் பார்க்கப்போகும்
செல்வி