புள்ளி நகர்ந்த காரணம்

நானா,

இன்று காலை என் இரும்பு அலுமாரியைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த ஒளிப்புள்ளி ஒரு விரலளவு தள்ளிப் போனது. உங்கள் ஜாம் போத்தல் இப்போது மஹய்யாவவில் என் வீட்டில், என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் மகள் நேற்றுத்தான், நீங்கள் குறிப்பெழுதிய கொப்பியோடு கொண்டுவந்து தந்தார்.

போத்தலுக்குள் பட்டு நூலில் தொங்கும் காந்தத் துண்டு, அதில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு, அதில் பட்டுச் சுவரில் புள்ளியாக விழும் டோர்ச் வெளிச்சம். உங்கள் ஊரான திகனவில் நிலம் இரண்டொரு தடவை குலுங்கிய பிறகு இதைச் செய்தீர்கள். நில அதிர்வுக்கு முன் பூமியின் காந்தப்புலம் மாறும் என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள், நாமே பார்ப்போம் என்றீர்கள். பக்கத்தில் இரும்பு வந்தாலும் புள்ளி நகரும் என்பதால், அது நகர்ந்த காலைகளில் அதற்கான காரணத்தையும் தேடி எழுதுவீர்கள். ஹார்ட்வெயார் கடைக்காரருக்கு இது என்ன வேலை என்று கேலி செய்துகொண்டே ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்தவன் நான்.

அதில் ஒரு ஞாயிறு மறக்காது. காலையில் புள்ளி நன்றாக நகர்ந்திருந்தது. மத்தியானம் நிலம் அதிர்ந்து கூரைத் தகரம் கடகடத்தது. பின்னேரம் உங்கள் முற்றம் நிறைய ஆட்கள். உங்களைப் பைத்தியம் என்றவர்களே, "நானாவுக்கு முந்தியே தெரியுமாமே" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க நானா" என்று காதில் சொன்னேன்.

நீங்கள் கொப்பியைத் திறந்து காட்டினீர்கள். "காலைல கம்பி லொறி சொவரோரமா நிண்டிச்சி. அதுக்குத்தான் புள்ளி ஓடின. எனக்கு முந்தியே தெரியும்னு சொல்ல ஏலாது."

சிலர் சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும் நான் உங்களோடு சண்டை பிடித்தேன். நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: "நாளைக்கி இது அசையல்லன்னு நம்பி ஒரு புள்ள ஊட்டுக்குள்ள படுத்தா, யாரு தம்பி பதில் சொல்ற?"

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நான் வரவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் படுக்கையில் விழுந்தபின் கொப்பியை எழுதியவன் நான்தான். உங்கள் ஜனாஸா அடக்கத்தன்றும் வழக்கமான நேரத்துக்கு, போத்தல் இருந்த பின்னறைக்குப் போனேன். புள்ளி என்றுமில்லாத அளவு நகர்ந்து நின்றது. பூமியே உங்களுக்காக அசைந்தது என்று எழுதத்தான் கை போனது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம், உங்களைத் தூக்கிப்போக இரும்புச் சந்தூக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அழுதுகொண்டே காரணத்தை எழுதினேன்: 'சந்தூக்கு.'

இன்று காலை அதற்குக் கீழே 'அலுமாரி' என்று எழுதினேன்.