உன் படங்களில் அகப்படாத அப்பா

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதி உன்னை நிம்மதியாக உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் நீ அங்கே சுகமாகத்தான் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். அப்பா கிடைத்ததைத்தான் போனில் சொன்னேன், மற்றதை எழுதினால்தான் உனக்கு உறைக்கும்.

முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று காலையில் போனவர் மதியமாகியும் வரவில்லை. கொஞ்ச நாளாக அவருக்கு வீட்டு வழியே மறந்துபோகிறது, உனக்குத் தெரியாததல்ல. காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் போலீஸ், "ஐயா போட்டோ ஒண்ணு காட்டுங்கம்மா" என்றாள். எனக்குப் பெருமை வேறு, என் பிள்ளை போட்டோகிராபர், பரிசெல்லாம் வாங்கியவன், போன லீவில் வந்து அப்பாவையே சுற்றிச் சுற்றி எடுத்தான் என்று சொல்லிப் போனை நீட்டினேன். மானம் போயிற்று. ஒன்றில் சூரியன் மறைகிறது, படகு, பறவைக் கூட்டம், ஓரத்தில் கரிக்கட்டை மாதிரி ஒரு உருவம், அதுதான் உன் அப்பாவாம். இன்னொன்றில் மழைத் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கிறார். வேறொன்றில் முகத்துக்கு முன்னால் பூந்தொட்டி, பின்னால் கலர் விளக்கு, கண்ணில் நீ மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடி. அவள் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல ஐயா எங்கம்மா இருக்காரு?" என்றாள். சிரிக்காமல் கேட்டாள், அதுதான் சுட்டது. உன்னைக் கூப்பிட்டால் நீ, "அந்தப் படகு படத்துல வெளிச்சத்தக் கூட்டுங்கம்மா, முகம் தெரியும்" என்கிறாய். கூட்டிப் பார்த்தோம். படகு நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் உதவியது நான் எடுத்த படம். அப்பாவுக்குக் கண்ணில் கட்டி வந்தபோது டாக்டருக்கு அனுப்பக் குளியலறைச் சுவரோரம் நிற்க வைத்து, ஜன்னலைத் திறந்து, சும்மா என்னைப் பாருங்கள் என்று எடுத்தேனே, அது. சுவரில் துண்டு தொங்கியது, அதையும் அகற்றிவிட்டேன், டாக்டருக்குத் துண்டு எதற்கு? இந்தப் புத்திக்கு நான் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. அந்தப் பெண் போலீஸ் அதை ஊரெல்லாம் அனுப்ப, பேருந்து நிலையம் பக்கத்துச் சலவைக் கடைக்காரியின் போனுக்குப் போன உடனே, "இவரு நம்ம கடை பெஞ்சுலதானே உக்காந்திருக்காரு" என்றாளாம். நான் போய் நின்றதும் அப்பா, "இவ்வளவு நேரம் எங்க போயிருந்தே?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். சிரித்தேன், பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கண்டதையும் கொட்டி நிரப்புவதற்குப் பேர் கலையா? பெரிய கலைஞர்தான் போ. அப்பா முகம் மட்டும் இருந்தால் போதாது என்று உனக்குத் தோன்றியிருக்கிறது பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த முகத்தில் என்ன குறைச்சல் கண்டாய்?

லீவு போட்டுவிட்டு வா. குடை, முக்காலி, விளக்கு எதையும் சுமந்து வராதே. அவரை வெளிச்சத்தில் உட்கார வை, பின்னால் கிடப்பதை அகற்று, கிட்டே போ. சிரிக்கச் சொல்லாதே. உன் பேச்சை எடுத்தாலே அவர் முகம் தானாக மலர்கிறது, நேரில் பார்த்தால் கேட்க வேண்டுமா, அதை எடு. அடுத்த வருஷமும் அப்படி மலருமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இரு, நல்ல புத்தியும் கூடவே வரட்டும். டிக்கெட் எடுத்ததும் சொல்.

கோபம் இன்னும் தணியாத,
உன் அம்மா.