கதிரின் மூச்சு

ஜூலை 13, ஞாயிறு. பட்டாபிராம்.

கடற்படைப் பயிற்சி முகாமிலிருந்து மகன் கதிர் இன்று பேசினான். வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம்தான் கைப்பேசி தருகிறார்கள்.

"அப்பா, ஓடறப்ப திரும்ப வீசிங் வருது. டாக்டர்கிட்ட சொல்லிடவா?"

எதிர்வீட்டு முன்னாள் கடற்படைக்காரர் முன்பே எச்சரித்திருந்தார்: "பையன் எதையாவது சொல்லிப் புலம்பினா, 'சமாளிச்சுக்கோடா'ன்னு சொல்லிட்டு போனை வச்சிடுங்க சார். நீங்க இளகினா ஓடி வந்துருவான்." அதையே கதிரிடம் சொல்லி, கைப்பேசியை வைத்துவிட்டேன்.

அவர் மீது கோபப்பட எனக்கு உரிமையில்லை. கதிருக்கு வீசிங் உண்டென்று அவருக்குத் தெரியாது. மருத்துவப் பரிசோதனையில் அதை மறைக்கச் சொன்னவன் நான்; முதுகலை படித்த மூடன். தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

உண்மையைச் சொல்லிவிட, மாலை முழுவதும் முகாம் அலுவலகத்தை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

நாளை காலை ஐந்தரைக்கு மறுபடியும் ஓட்டம். கதிர் என் சொல்லை ஒருபோதும் தட்டியதில்லை.