தட்டோடு நின்று நீ கேட்ட கேள்வி

இன்று மாத்தளையில் ஒரு கருத்தரங்கு. சமூக நீதி பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் பின்னாலிருந்து பால் விடாத இஞ்சி பிளேன்டீயின் வாசம் வந்தது. அதற்குமேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். தேநீர்க் கேத்தலோடு யாரோ ஒரு பெண். நீ இல்லை.

பலாபத்வலையிலிருந்து நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் டியூஷனுக்குப் போனோம். அரசியல் பாடத்தில் நீதான் முதல். நான் பல்கலைக்கழகம் போனேன், உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள். உன் கணவர் தோட்டத் தொழிலாளர்களின் உரிமைக்காக மேடை ஏறியவர். நல்ல பேச்சாளர். அவரைத் தேடி வருகிறவர்களுக்குச் சமையல், தேநீர், படுக்கையில் கிடந்த மாமியார் எல்லாம் உன் பாடு.

இதே மண்டபத்தில்தான் ஒருமுறை அவர் பேசினார். நியாயமான சமூகத்தில் சுமைகளையும் சமமாகப் பகிர வேண்டும் என்றார். கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னார். தேநீர்த் தட்டோடு நின்ற நீ கேட்டாய்:

“நீங்க சொல்ற சமூகத்துல வீடும் சேருங்களா?”

சபை சிரித்தது. அவரும் சிரித்தார். “அது குடும்ப விஷயம். வீட்டுல போய்ப் பேசிக்குவோம்.”

வீட்டில் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று பிறகு சொன்னாய்.

மார்பிலிருந்த கட்டியை நீ எனக்குக் காட்டியபோது அது பெரிதாகியிருந்தது. “நா கிளினிக்ல போய் உக்காந்தா அத்தைய யாருடி பாக்குறது?” என்றாய். அன்றே உன்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டர் கேட்டார்.

உன் சாவு வீட்டில் உன் கணவர் அழுதார். அது பொய்யழுகை இல்லை. “எங்களுக்காகத் தன்னையே தியாகம் பண்ணுனவ” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தியாகம் என்றால் கொடுப்பவள் மனது வைத்துக் கொடுக்க வேண்டும். உன்னிடம் யார் கேட்டார்கள்?

நான் இப்போதும் சுமந்துகொண்டிருப்பது வார்டில் கழிந்த ஒரு மத்தியானத்தை. உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. சோற்றைக் குழைத்து ஊட்டினேன். வாயில் வைத்தபடி நெடுநேரம் என்னையே பார்த்தாய்.

“கல்யாணம் கட்டுன நாள்லேருந்து யாரும் எனக்குச் சோறு போட்டுக் குடுத்ததில்லடி” என்றாய். பிறகு, விழுங்க முடியாமல் விழுங்கி, வெட்கத்தோடு கேட்டாய்:

“இன்னொரு வாய் தாறியா?”