தூரம் பூஜ்யம்

மார்ச் 4

அன்பு வாண்டுக்கு,

பாட்டியின் முத்தங்கள். நீ செய்த செல்போன் சமாச்சாரத்தை மளிகைக்காரரிலிருந்து லிஃப்ட் ரிப்பேர்க்காரர் வரை எல்லாரிடமும் சொல்லிப் பெருமையடித்தாயிற்று. பக்கத்திலேயே துணை தேடும் முகம் தெரியாதவர்களை நேரில் சந்திக்க வைக்குமாமே என்று இப்போது அவர்களே எனக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

நீ சொன்னபடி நானும் பொத்தானை அமுக்கினேன். "சாப்பிடும்போது துணைக்கு உட்கார ஒருவர் வேண்டும்" என்று யாரோ கேட்டிருந்தார்கள். எனக்கும் அதே குறைதான். ஆனால் தூரம் பூஜ்யம் என்று காட்டுகிறது. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, உன் சாமான் பழுது.

புது வீட்டில் வேறு குறையில்லை. மேல்வீட்டில்தான் விடிந்ததிலிருந்து தடதடவென்று ஒரே சத்தம். துடைப்பக்கட்டையால் கூரையை இடித்து இடித்து, சுண்ணாம்பு என் தலையில் கொட்டியதுதான் மிச்சம்.

உன் பாட்டி

மார்ச் 11

என் பாட்டிக்கு,

பழுதெல்லாம் இல்லை. போனுக்குத் தெரு தெரியும், மாடி தெரியாது. உனக்குக் கீழே பூட்டிய கடைதானே? அப்படியானால் அந்த ஆள் உன் தலைக்கு மேலே இருக்கிறார். சண்டையை மறந்துவிட்டு ஒருதரம் ஏறிப் பார்.

இந்த மாதத்துக்குள் நாலு பேரையாவது சேர்த்துவைத்ததாகக் காட்டாவிட்டால் இதை இழுத்து மூடிவிடுவார்கள். ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி திறக்காதவர்களை ஆபீசில் 'தோல்வி' என்று எழுதுகிறார்கள். அதில் உன் பெயரும் இருக்கிறது, பாட்டி.

உன் வாண்டு

மார்ச் 20

என் செல்ல வாண்டுக்கு,

ஏறினேன். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். தையல்காரி. அறை முழுக்கப் பள்ளிச் சட்டைகள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கட்டையால இடிக்கிற அம்மா நீங்கதானா? மிஷின் சத்தத்துக்குச் சண்டை போட வந்தீங்களா?"

போனை நீட்டினேன். "இல்லம்மா, சாப்பிட்டியான்னு கேட்க வந்தேன்."

தான் கேட்டிருந்ததையே அவள் அதில் படித்தாள். பிறகு நாற்காலியில் குவிந்திருந்த சட்டைகளை அள்ளித் தரையில் போட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

இப்போதெல்லாம் சோறு வெந்ததும் கட்டையால் கூரையை இடிப்பேன். மிஷின் நிற்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அன்றைக்குப் பிறகு உன் சாமானைத் திறக்க அவசியமே வரவில்லை. அதற்காக உன் ஆபீசில் என்னைத் தோல்வி என்று எழுத விடாதே. யாராவது வாதாடினால் இந்தக் காகிதத்தைக் காட்டு.

சரி, உலை இறக்கியாயிற்று. மேலே மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டையை எடுக்கப் போகிறேன்.

உன் பாட்டி